கம்ப்யூட்டரும் குரலும்: 'ரோஜா' தரும் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அதில் முதலில் செய்யும் வேலை பாட்டுக் கேட்பதுதான். அடுத்து, "நாமே இதில் பாட்டு அமைக்க முடியுமா?" என்ற ஆசை வரும். நாதஸ்வரமும் தவிலும் வீணையும் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் உடனே கேட்பார்கள்: "மெஷின் வாசித்தால் அதில் உயிர் இருக்குமா?" நியாயமான கேள்வி. 1992-இல் வந்த 'ரோஜா' பாடல்களில் அதற்குப் பதில் இருக்கிறது.

டெல்டா தொடர்பு

'ரோஜா'வைத் தயாரித்த கே.பாலசந்தர், நன்னிலம் அருகே நல்லமாங்குடியில் பிறந்தவர். அவர் இயக்கிய 'புன்னகை மன்னன்' படத்தில் 1986-இலேயே இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். அவர் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்தான் ஏ.ஆர்.ரஹ்மான். 1989-இல் ரஹ்மான் சென்னையில் தன் வீட்டை ஒட்டி 'பஞ்சதன்' ஸ்டுடியோவை அமைத்தார். 'ரோஜா' வெளிவந்தபோது அவருக்கு வயது 25.

மெஷின் என்ன செய்தது?

இங்கே 'மிடி' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். 1983-இல் வந்த முறை இது. மிடி ஃபைலில் ஒலி இருக்காது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அதைப் படித்து சின்தசைசர் வாசிக்கும். அதனால்தான் ஐந்து நிமிட மிடி ஃபைல் சில கிலோபைட்டில் முடிந்துவிடுகிறது. அதே பாட்டை சி.டி. தரத்தில் வேவ் ஃபைலாக வைத்தால் சுமார் 50 மெகாபைட் ஆகும்.

முன்பெல்லாம் வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாக அமர்ந்து ரெக்கார்டு செய்வார்கள். ரஹ்மான் ஒவ்வொரு டிராக்காகச் சேர்த்தார். பாடகர் தனியே, நிதானமாகப் பாடினார். 'சின்னச் சின்ன ஆசை' பாட்டைக் கேளுங்கள். தாளம் கொஞ்சமும் பிசகாது. ஆனால் மின்மினியின் குரல் அதன்மேல் மூச்சு விட்டு, குழைந்து போகும். சேற்றில் இறங்கி நடவு செய்ய வேண்டும் என்பதும் அந்தப் பெண்ணின் ஆசைகளில் ஒன்று. நம் டெல்டாக்காரர்களுக்கு அது சொந்தப் பாட்டு மாதிரி! ரஹ்மானுக்கும் பாட்டை எழுதிய வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்தது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1982-இல் 'யாஸூ' என்ற இருவர் குழு, 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டது. வின்ஸ் கிளார்க்கிடம் சின்தசைசர்கள். அலிசன் மோயெட்டிடம் ப்ளூஸ் பாடிப் பழகிய கனத்த குரல். அந்த ஆல்பம் அந்நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

நீங்களும் செய்யலாம்

'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு:

1. 'ஜெனரேட்' மெனுவில் 'ரிதம் டிராக்' தேர்வு செய்து ஒரு தாளம் உருவாக்குங்கள்.

2. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போன் மாட்டுங்கள். இல்லையென்றால் தாளமும் மைக்கில் ஏறிவிடும்.

3. மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

4. ஷிஃப்ட் கீயுடன் 'ஆர்' கீயை அழுத்தினால் புதிய டிராக்கில் ரெக்கார்டு ஆகும். பாடுங்கள்!

பிடிக்கவில்லையா? குரல் டிராக்கை மட்டும் அழித்துவிட்டு மறுபடி பாடலாம். தாளம் அப்படியே இருக்கும்.

கம்ப்யூட்டர் வந்தபின் சினிமாவில் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு வேலை குறைந்தது உண்மைதான். ஆனால் குரலுக்கும் கைக்கும் இருக்கும் வேலை போய்விடவில்லை. உங்கள் வீட்டில் வீணையோ புல்லாங்குழலோ வாசிப்பவர் இருந்தால் அடுத்த டிராக்கில் அவரை வாசிக்கச் சொல்லுங்கள். தாளத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். உயிரைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.