புதிய லாரிகளை ஓட்டிச் செல்வோரின் ஒரு நாள்: கணக்கில் சேராத மணி நேரங்கள்

தொழிற்சாலையில் உருவாகும் புதிய லாரி, விற்பனையாளரிடமோ பாடி கட்டும் பட்டறைக்கோ எவ்வாறு சென்று சேர்கிறது? கார்களும் இருசக்கர வாகனங்களும் பெரும்பாலும் நீண்ட டிரெய்லர்களிலும் சரக்கு ரயில்களிலும் ஏற்றி அனுப்பப்படுகின்றன. ஆனால், கனரக வாகனங்களில் கணிசமானவை தமது சொந்தச் சக்கரங்களிலேயே மாநிலங்களைக் கடக்கின்றன. அவற்றை ஓட்டிச் சென்று ஒப்படைப்பதையே தொழிலாகக் கொண்ட ஓட்டுநர்கள் நாடெங்கும் உள்ளனர். ஜார்க்கண்ட் மாநிலம் ஜாம்ஷெட்பூரில் இவர்கள் 'கான்வாய் ஓட்டுநர்கள்' என அழைக்கப்படுகின்றனர்.

ஜாம்ஷெட்பூரில் 1954-ஆம் ஆண்டு முதல் லாரிகள் தயாரிக்கப்பட்டு வருகின்றன. அங்கிருந்து ஆந்திரப் பிரதேச மாநிலம் விஜயவாடாவுக்குச் செல்லும் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஆட்டோ நகர், விஜயவாடாவில்தான் உள்ளது. தமிழகத்தில் கரூர், நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் உள்ள பட்டறைகளுக்கும் சேசிஸ்கள் இவ்வாறே வந்து சேர்கின்றன.

காலை: காத்திருப்பும் ஆவணங்களும்

ஓட்டுநரின் நாள் வாகனத்தில் தொடங்குவதில்லை, வரிசையில் தொடங்குகிறது. தமது முறை வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். வாகனம் ஒதுக்கப்பட்டதும் சக்கரங்கள், விளக்குகள், மின்கலம், உதிரிச் சக்கரம், கருவிப் பெட்டி ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிடுகிறார். இந்தக் கையொப்பம் முக்கியமானது. வழியில் ஏதேனும் தொலைந்தாலோ கீறல் விழுந்தாலோ பொறுப்பு பெரும்பாலும் ஓட்டுநர் மீதே விழும்.

அடுத்து ஆவணங்கள். நிரந்தரப் பதிவு எண் இல்லாத வாகனம், தற்காலிகப் பதிவிலோ வணிகச் சான்றிதழின் பேரிலோதான் சாலையில் செல்ல முடியும். தற்காலிகப் பதிவு எண், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துகளால் எழுதப்படும். வணிகச் சான்றிதழுக்குரிய எண், சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்துகளால் எழுதப்படும்.

இவற்றுடன் 'இ-வே பில்' எனப்படும் மின்னணுச் சரக்கு ரசீதும் தேவை. ரூ.50,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்கு கொண்டுசெல்லப்படும்போது இது பொதுவாகக் கட்டாயமாகும். இங்கே வாகனமே சரக்கு என்பதுதான் வேறுபாடு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இதன் செல்லுபடிக் காலம் நிர்ணயிக்கப்படுகிறது. 2021-க்கு முன்பு இது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாளாக இருந்தது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவுள்ள விஜயவாடாவுக்கு, இதன்படி ஆறு நாள்கள் கிடைக்கும்.

பகல்: கண்ணாடியில்லா ஓட்டம்

பாடி கட்டப்படாத சேசிஸ், பல வேளைகளில் முகப்புத் தகடும் ஸ்டியரிங்கும் மட்டுமே கொண்டிருக்கும். முன்புறக் கண்ணாடி, கதவு, கூரை எதுவும் இராது. தலைக்கவசம், கண்ணாடி, முகத்தைச் சுற்றிய துண்டு ஆகியவையே ஓட்டுநருக்குப் பாதுகாப்பு. எதிரே செல்லும் வாகனம் கிளப்பும் புழுதியும் சிறு கற்களும் நேராக முகத்தில் மோதும். மழை வந்தால் மழைக்கோட்டு; இல்லையேல் சாலையோரத்தில் ஒதுங்க வேண்டும்.

புதிய வாகனங்களை ஃபாஸ்டேக் பொருத்தி விற்க வேண்டும் என்ற விதி 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், முன்புறக் கண்ணாடி இல்லாத சேசிஸ்களுக்கு, பதிவு செய்வதற்கு முன் உரிமையாளரே அதனைப் பொருத்திக்கொள்ள அந்த விதி இடமளித்தது. ஒட்டுவதற்குக் கண்ணாடியே இல்லை என்பதே காரணம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஓட்டுநர்களின் களைப்பைக் குறைப்பதற்கான வரவேற்கத்தக்க நடவடிக்கை இது. எனினும், அறையே இல்லாத சேசிஸை ஓட்டிச் செல்பவருக்கு அதன் பயன் எட்டாது.

மாலை: எட்டு மணி நேரம் எங்கே முடிகிறது?

பஹரகோரா, பாரிபடா வழியாகப் பாலசோர் அடைந்து, கொல்கத்தா-சென்னை நெடுஞ்சாலையில் சேர்வதற்கே 200 கிலோமீட்டருக்கும் மேல் ஆகிவிடும். முற்பகலில் புறப்பட்டவர் அந்தி நேரத்தில்தான் அங்கு வந்து சேர்வார். தாபாவில் உணவருந்திவிட்டு உறங்குவதா, மேலும் ஓட்டுவதா என்பதை அப்போது அவர் முடிவு செய்தாக வேண்டும்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதவாறு, குறைந்தது அரை மணி நேர ஓய்வையும் வலியுறுத்தியது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒன்றிணைக்கப்பட்ட 13 சட்டங்களுள் இதுவும் ஒன்று.

ஆனால், பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும்போது கணக்கு வேறாகிறது. சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 8 மணி நேரம் ஓட்டினால், விஜயவாடா செல்ல நான்கு நாள்கள் ஆகும். அதையே மூன்று நாள்களில் முடிக்க நாள்தோறும் 10 மணி நேரம் ஓட்ட வேண்டும். கூலி கூடப்போவதில்லை, ஆனால் அடுத்த பயணத்துக்கான வரிசையில் ஒரு நாள் முன்னதாக நிற்கலாம். வழிச்செலவும் ஒரு நாள் குறையும். மிச்சப்படும் அந்த ஒரு நாள், உறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

ஒப்படைத்த பின்னர்

விஜயவாடாவில் வாகனம் சரிபார்க்கப்பட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கிடைக்க வேண்டும். கூலியின் எஞ்சிய பகுதி வழக்கமாக அந்தத் தாளைக் காட்டிய பின்னரே கைக்கு வரும். அதன்பின் ஓட்டுநர் தமது பையுடன் ரயிலில் டாடாநகர் திரும்புகிறார். முன்பதிவு கிடைக்காவிட்டால் பொதுப்பெட்டிதான். போகும்போது ஓட்டுநர், வரும்போது சாதாரணப் பயணி.

முதல் நாள் வரிசையில் காத்திருந்த நேரமும், இந்தத் திரும்பும் பயணமும் வேலை நேரமா என்பதே இத்தொழிலின் மையக் கேள்வி. முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை நேரத்தில் சேரும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஐந்து பேருக்குக் குறையாமல் பணியாற்றும் போக்குவரத்து நிறுவனங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட சட்டம் அது. நிலையான முதலாளி எவருமின்றி, பயணந்தோறும் அமர்த்தப்படுபவருக்கு அதன் பாதுகாப்பு நடைமுறையில் கிடைப்பது அரிது.

நான்கு நாள் ஓட்டத்துடன் காத்திருப்பையும் திரும்பும் பயணத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. பேசப்பட்ட கூலியை நான்கால் வகுத்தால் கிடைக்கும் தொகையும் ஏழால் வகுத்தால் கிடைக்கும் தொகையும் ஒன்றல்ல. குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கிறதா என்பதை முடிவு செய்வது இந்த வகுத்தல்தான். கூலியை நாள் கணக்கில் நிர்ணயித்து, திரும்பும் நாளையும் அதில் சேர்த்தால், இரவில் கண்விழித்து ஓட்ட வேண்டிய நெருக்கடி ஓட்டுநருக்குக் குறையும். அதே சாலையில் எதிரே வருவோருக்கும் அது பாதுகாப்பாகும்.