ஊசியும் கேள்வியும்: அன்றும் இன்றும்

பத்து பெரண்டாம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விமான நிலையமும் தொழிற்பேட்டையும் தாமான் வீடுகளும்தான். மலாக்காவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் பிரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, டிரெசர் என்று பேச்சு வேறு பக்கம் போகும்.

தோட்டத்தில் மருத்துவம் என்றாலே டிரெசர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவர், காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர், அம்மை குத்துவதும் அவர். எதற்கு இந்த ஊசி, போட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. அன்றிரவு குழந்தைக்கு உடம்பு சுட்டால் நெற்றியில் ஈரத்துணி, மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல். அந்தக் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது.

அறியாமையால் பணிந்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் நோயைக் கண்ணால் பார்த்தவர்கள். தொண்டை அடைப்பானில் மூச்சுத் திணறிய பிள்ளையையும் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலையும் லயத்திலேயே கண்டவர்களுக்கு ஊசி ஏன் என்று விளக்கத் தேவையிருக்கவில்லை. மலேசியாவில் 1972இல் போலியோ தடுப்பு மருந்தும் 1982இல் தட்டம்மை ஊசியும் வந்தன. நோய்கள் கண்ணை விட்டு மறைந்தன. மறைந்ததால் அச்சம் இடம் மாறி ஊசியின்மேல் விழுந்தது. நோயோ எங்கும் போய்விடவில்லை. 2016இல் தொண்டை அடைப்பான் மலாக்காவிலேயே ஏழு வயதுக் குழந்தையைக் கொண்டுபோனது. 27 ஆண்டுகளாக இல்லாத போலியோ 2019 டிசம்பரில் சபாவில் தலைகாட்டியது.

2021இல் அந்த அச்சத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது: ரத்தக்கட்டு. அஸ்ட்ராசெனெகா கோவிட் தடுப்பூசி போட்ட சிலருக்கு, ரத்தத் தட்டணுக்களில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கி, தட்டணு குறைந்த நிலையிலும் ரத்தம் உறைவதை ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஆந்திரேயாஸ் கிரைநாகரின் குழு கண்டறிந்தது. மிக அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. மலேசியா அந்த ஊசியைப் பொதுத் திட்டத்திலிருந்து விலக்கி, விரும்புவோர் பதிந்துகொள்ளலாம் என்றது. மே 2ஆம் தேதி கோலாலம்பூர், சிலாங்கூரில் திறந்த 268,600 இடங்களும் நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. இணையமும் ஆங்கிலமும் கைவந்தவர்கள் எண்களைப் படித்துத் தாமே முடிவெடுத்தார்கள். தோட்டத்தை விட்டு வந்த பாட்டிக்கு வாட்ஸ்அப் குரல்பதிவுதான் கிடைத்தது.

அந்த எண்கள் பாட்டிக்கும் உரியவை. இங்கிலாந்தில் 2.9 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. அந்த ஊசி போட்ட ஒரு கோடிப் பேரில் கூடுதலாக 66 பேருக்குச் சிரை ரத்தக்கட்டு. கோவிட் தொற்றிய ஒரு கோடிப் பேரிலோ கூடுதலாக 12,614 பேர். அந்த ஆய்வில் கையாண்ட முறை அழகானது: ஊசி போட்டவரை வேறொருவரோடு ஒப்பிடாமல், அவருடைய ஊசிக்குப் பிந்தைய வாரங்களை அவருடைய மற்ற வாரங்களோடு ஒப்பிடுவது. 1990களில் ஃபாரிங்டன் என்ற புள்ளியியலாளர் தடுப்பூசிகளின் பாதுகாப்பை அளக்கவே வகுத்த வழி அது. மலேசிய ஆய்வாளர்களும் தடுப்பூசிப் பதிவுகளை மருத்துவமனைப் பதிவுகளோடு இணைத்து அதே முறையில் கணக்கிட்டார்கள். அஸ்ட்ராசெனெகாவுக்குப் பின் ரத்தக்கட்டும் தட்டணுக் குறைவும் கூடியதை மறைக்காமல் அச்சிட்டார்கள். என் நம்பிக்கை வளர்ந்தது இதனால்தான். ஆபத்தே இல்லை என்று சொல்பவரைவிட, எவ்வளவு என்று எண்ணிச் சொல்பவரை நம்பலாம்.

டிரெசர் காலத்தில் எண்ண ஆளில்லை. இன்று எண்ணியாகிவிட்டது; தமிழில் சொல்லத்தான் ஆள் போதவில்லை. கோயில் மண்டபத்தில் கோவிட் தடுப்பூசி முகாம் போட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஊசிக்குப் பின் வரும் வாரங்களில் விடாத தலைவலி, ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், எந்த ஊசி, எந்தத் தேதி என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.