முட்டி மாற்றும் முன்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்றால், அம்மாவைத் தவிர எல்லோருக்கும் விவரம் தெரியும். மகனும் மருமகனும் டாக்டரிடம் பேசுவார்கள். அம்மாவின் காதுக்கு வருவது "எல்லாம் சரியாயிடும்மா" என்பது மட்டும். "நீங்க பாத்துச் செய்ங்க டாக்டர்" என்று அவரும் படுத்துக்கொள்வார்.

முட்டியையே கழற்றிவிட்டு இரும்பு முட்டி பொருத்துவார்கள் என்று நம்பியவர்கள் அநேகம். தொடை எலும்பின் கீழ்முனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் சீவி, உலோக உறை பொருத்தி, நடுவே பாலிஎத்திலீன் தகடு வைக்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், சொன்னவர்தான் குறைவு. ஆனால் அன்றைய ஆசையும் சிறியது. ராத்திரி வலியில்லாமல் தூங்க வேண்டும், கோயில்வரை நடந்து போய்வர வேண்டும். அது நடந்ததும் டாக்டரைக் கும்பிட்டார்கள்.

இன்றைய நோயாளி போனோடு வருகிறார். எந்தக் கம்பெனி, ரோபோ உண்டா, எத்தனை வருஷம் வரும் என்று கேட்கிறார். கேட்கட்டும்; இத்தனை காலம் கேட்காமல் இருந்ததுதான் தப்பு. முழு முட்டி மாற்று செய்தவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு அது 25 ஆண்டுகள் நீடிக்கும் என்று 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி உபகரணங்களுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. ஒன்றரை லட்சத்தைத் தாண்டி விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் வகை, வரி தவிர்த்து 54,720 ரூபாய்க்கு இறங்கியது. பில்லை வரிவரியாகப் படிக்கும் குடும்பங்கள் இப்போது உண்டு.

பொருளைப் பற்றி இவ்வளவு விசாரிப்பவர்கள், அதை வைத்துக்கொண்டு எப்படி வாழப்போகிறோம் என்று விசாரிப்பதில்லை. வீடியோவில் பாட்டி மறுநாளே நடக்கிறார். மூன்றாவது வாரம் முட்டியை மடக்கும் பயிற்சியில் பல்லைக் கடிப்பதை யார் படம் பிடித்தார்கள்? தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருக்கலாம். நடக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கலாம். சம்மணமிடுவதையும் குந்தி உட்காருவதையும் பல மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். தரையில் உட்கார்ந்தே பழகிய நமக்கு இது சின்ன விஷயமா? கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், முட்டி மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திருப்தியில்லை. எதிர்பார்த்தது நடக்காததே அதற்கு முதல் காரணமாகத் தெரியவந்தது.

பழியை நோயாளிமேல் மட்டும் போட முடியாது. ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது இன்னும் பல இடங்களில் வழக்கம்தான். அந்தப் படிவம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: கீழே உட்கார முடியுமா, எத்தனை மாதம் வலிக்கும், எதையெல்லாம் இனி செய்யக் கூடாது. பதில் வந்த பிறகு தேதி குறியுங்கள்.