தின்றது ஏன் உடம்பில் ஒட்டவில்லை?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து கூடைகள் கிளம்பும் நேரத்தில் நாய்களுக்கும் பொழுது விடிகிறது. கழித்துப் போட்ட மீன், வெட்டுமிடத்தில் விழும் தலை, குடல் என்று அங்கே தீனிக்குப் பஞ்சமில்லை. ராயபுரம் சந்துகளில் டீக்கடைப் பொறையும் பிஸ்கட்டும் கிடைக்கின்றன. இரவில் பிரியாணி எலும்பு. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வீட்டில் வளரும் நாய்க்கு மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. இவ்வளவு தின்றும் பல நாய்களின் விலா எலும்பை எண்ணிவிடலாம். “நல்லாத்தான் துன்னுது, உடம்புல ஒட்ட மாட்டேங்குது” என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் குறை.

இதற்குப் பெரும்பாலானோர் இரண்டு வழிகளைத்தான் கையாளுகிறார்கள். ஒன்று, சோற்றின் அளவைக் கூட்டுவது. மற்றொன்று, இன்றைக்குப் பால், நாளைக்குக் கோழி, மறுநாள் கடையில் வாங்கிய உருண்டைத் தீனி என உணவை மாற்றிக்கொண்டே இருப்பது. மெலிவோடு கழிச்சலும் இருந்தால் இரண்டுமே அதை நீட்டிக்கக்கூடியவை. காரணத்தைக் கண்டறிந்து, அதற்கேற்ற ஒரே உணவில் பொறுமையாக நிலைத்து நின்றால் மெலிந்த நாய்களில் பெரும்பகுதி தேறிவிடும். அதற்குத் தேவையான பொருள்களில் முக்கியமான ஒன்று வடசென்னையின் வாசலிலேயே கிடைக்கிறது.

மலம் சொல்லும் சேதி

கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, நாய் என்ன தின்கிறது என்பதோடு எப்படிக் கழிக்கிறது என்பதும்தான். சிறுகுடலில் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் மலம் ஏராளமாகப் போகும். ஒரு நாளில் போகும் தடவை பெரிதாகக் கூடாது, ஆனால் எடை மளமளவென்று இறங்கும். மேல்குடலில் ரத்தம் கசிந்தால் மலம் தார் போலக் கறுத்திருக்கும். பெருங்குடல் கோளாறில் நாய் அடிக்கடி குந்தி முக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சளியோடும் சிவந்த ரத்தத்தோடும் போகும். எடை அவ்வளவாகக் குறையாது. சத்தை உறிஞ்சும் வேலை சிறுகுடலுடையது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எனவே மருத்துவரிடம் போகுமுன் மலத்தின் நிறம், அளவு, ஒரு நாளில் எத்தனை தடவை என்பவற்றைக் குறித்து வையுங்கள். அன்று காலை கழித்த மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். நோயறியும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

முதல் சந்தேகம் பூச்சி

ஈரமும் வெப்பமும் மணலும் சேர்ந்த கடலோரம் கொக்கிப்புழு முட்டை பொரிக்க ஏற்ற இடம். அதன் இளம்புழு நாயின் வாய் வழியாகவும் போகும், பாதத்தோலைத் துளைத்தும் நுழையும். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் வரும். குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து, மலம் கறுத்துப் போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உருண்டைப்புழு குட்டிகளின் வயிற்றை உப்ப வைத்து முதுகெலும்பைத் துருத்த வைக்கும். தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது நாடாப்புழு வந்து சேரும்.

பூச்சி இருக்கும் வயிற்றில் எந்த உயர்ந்த உணவைப் போட்டாலும் பயன் பாதிதான். குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து தொடங்கி, பிறகு மாதம் ஒரு முறை என ஆறு மாதம் வரை கொடுப்பது வழக்கம். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மருந்தின் அளவை நாயின் எடை தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டு நாய்க்கு மிஞ்சிய மாத்திரை அளவு உங்கள் நாய்க்குப் பொருந்தாது. மலப் பரிசோதனையில் ஒரு தடவை ஒன்றும் தெரியவில்லை என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. முட்டை எல்லா நாளும் மலத்தில் தென்படாது என்பதால் அடுத்தடுத்த நாள்களின் மலத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். நாயின் கொக்கிப்புழு மணலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் புகுந்து அரிப்புத் தடம் போடும். ஆகவே இது வீட்டாரின் உடல்நலம் சார்ந்த விஷயமும்கூட.

எல்லா எடைக் குறைவும் வயிற்றுக் கோளாறால் வருவதல்ல. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா, பெபீசியா போன்ற ரத்த நோய்களாலும் நாய் காய்ச்சல் கண்டு, பசியற்று மெலியும். சிறுநீரகக் கோளாறும் சர்க்கரை நோயும்கூட நாயை மெலியச் செய்யும். இவற்றைப் பிரித்தறிய ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பசியோடு மெலியும் அல்சேஷன்

ஒரு வகை மெலிவு பார்ப்பவரைக் குழப்பிவிடும். நாய் அகோரப் பசியோடு தின்கிறது, கிடைத்ததையெல்லாம் விழுங்குகிறது, சில வேளை தன் மலத்தையே தின்கிறது. இருந்தும் தோலும் எலும்புமாகிறது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு குவியலாகப் போகிறது. இது கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோய். நம் ஊரில் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களிடம் அதிகம் காணப்படுகிறது. கணையத்தின் நொதி சுரக்கும் திறனில் ஏறக்குறைய 90 விழுக்காடு அழிந்த பிறகே அறிகுறி வெளியில் தெரியும். அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த நாய் திடீரென்று இளைத்ததாகத் தோன்றுகிறது.

ரத்தத்தில் டிரிப்சின் போன்ற பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இதை உறுதிப்படுத்தும். ஒவ்வொரு வேளை உணவிலும் நொதித் தூளைக் கலந்து ஆயுள் முழுதும் கொடுக்க வேண்டும். இந்த நாய்களுக்கும், நாள்பட்ட குடல் அழற்சி உள்ள நாய்களுக்கும் வைட்டமின் பி12 குறைந்திருப்பது வழக்கம். அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ ஈடுசெய்யாவிட்டால், உணவு சரியாக இருந்தாலும் எடை ஏறாது.

நரிப் பண்ணை கற்பித்த பாடம்

தினமும் தின்னும் பச்சை மீனும் மெலிவுக்குக் காரணமாகலாம். 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் ரோமத்துக்காக நரிகளை வளர்த்தார்கள். அவற்றுக்குப் பச்சை மீன் தீனியாகப் போடப்பட்டது. நரிகள் முதலில் பசியை இழந்தன, மெலிந்தன, பிறகு கால் விறைத்துத் தள்ளாடி, பக்கவாதம் கண்டு இறந்தன. தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சில மீன் இனங்களின் பச்சை உடலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி இருப்பது பின்னர் தெரிய வந்தது. பி1 கொடுத்ததும் நோய் தணிந்தது. அந்த நோய்க்குச் சாஸ்டெக் வாதம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நரியும் நாயும் ஒரே குடும்பம். மத்தி, நெத்திலி ஆகியவற்றின் உறவினங்கள் சிலவற்றிலும் இந்த நொதி உண்டு. எப்போதோ ஒரு மீனைக் கவ்வித் தின்ற நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. தினம் தினம் பச்சை மீனே முக்கிய உணவாக இருக்கும் நாய்க்குத்தான் ஆபத்து. தீர்வு மிக எளிது: வேக வைத்தால் அந்த நொதி செயலிழக்கும். பச்சை மீனில் இருக்கும் ஒட்டுண்ணிகளும் கிருமிகளும் அதோடு அழியும்.

பி1 குறையாமல் பார்த்துக்கொள்ள நம் சமையலறை அறிவும் கை கொடுக்கிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1-இன் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. தீட்டிய பச்சரிசியில் அது குறைவு. கஞ்சியை வடித்தால் இருக்கும் பி1-உம் தண்ணீரோடு போகும். ஆகவே நாய்க்குப் புழுங்கலரிசியைக் கஞ்சி வடிக்காமல் குழைய வேக வைப்பதே நல்லது. குழைந்த சோறு செரிப்பதும் எளிது.

வெறுஞ்சோறு போதுமா?

நாய் மாமிசப் பிராணி, சோறு போடவே கூடாது என்பார் உண்டு. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகள்தான். நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை காணப்பட்டன. மனிதரோடு வாழ்ந்து, மனிதர் போட்ட தானிய உணவைத் தின்று நாயின் வயிறு மாறியிருக்கிறது. வெந்த சோற்றை நாய் நன்றாகவே செரிக்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது.

15 கிலோ எடையுள்ள நாட்டு நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கலோரி தேவை. வெறுஞ்சோற்றிலேயே அதை நிரப்ப சுமார் 700 கிராம் சோறு வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 19 கிராம் அளவே. வளர்ந்த நாய் உணவுக்கு அமெரிக்கத் தீவன அமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவின்படி 40 கிராம் இருக்க வேண்டும். வயிறு நிறைகிறது, தசை கரைகிறது. 450 கிராம் சோறு, முள் நீக்கிய வெந்த மீன் 200 கிராம், ஓர் அவித்த முட்டை என்று மாற்றினால் கலோரி ஏறக்குறைய அதே அளவுதான், புரதமோ 60 கிராமைத் தாண்டிவிடும்.

கழிச்சல் உள்ள நாய்க்கு எண்ணெய்ச் சத்து குறைந்த மீனைத் தேர்ந்தெடுங்கள். கிழங்கான், சங்கரா போன்றவை ஏற்றவை. கொழுத்த மத்தியை வயிறு தேறும்வரை தள்ளி வையுங்கள். உப்பு, மிளகாய், புளி எதுவும் வேண்டாம். குழம்பில் வெந்த வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் 0.5 விழுக்காடு அளவு வெங்காயம் ஒரே வேளையில் போனாலே ரத்தசோகை வரலாம். கருவாட்டில் உப்பு அதிகம். நீரிழந்த நாய்க்கு அது கூடவே கூடாது. வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கலாம், பிரியாணிக் கொழுப்பு கணைய அழற்சியைத் தூண்டலாம். பால் மறந்த வயதில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால், “பாவம், மெலிஞ்சிருக்கு” என்று ஊற்றும் பாலே பேதியாகத் திரும்பும்.

இந்தச் சோறும் மீனும் சில வாரச் சிகிச்சைக்குப் போதும், ஆயுள் முழுமைக்கும் போதாது. கால்சியம், துத்தநாகம், சில வைட்டமின்கள் இதில் குறைவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2013-இல் வீட்டில் சமைக்கும் நாய் உணவுக் குறிப்புகள் 200-ஐ ஆராய்ந்தபோது, 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. நீண்டகாலம் வீட்டுச் சோறே போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் சத்துக்கலவை சேர்க்க வேண்டும்.

ஒரே உணவு, இரண்டு வாரம்

கழிச்சல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, பூச்சியும் பிற நோய்களும் இல்லை என்று தெரிந்துவிட்டால், மருத்துவர் அடுத்து முயல்வது உணவுச் சோதனை. நாய் இதுவரை அதிகம் தின்னாத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள், இரண்டு மட்டும். கோழிச் சோறே தின்று வளர்ந்த நாய்க்கு மீனும் சோறும் பொருந்தலாம். மீனிலேயே வளர்ந்த காசிமேட்டு நாய்க்கு வேறு புரதம் பார்க்க வேண்டும். ஒரு நாள் உணவை நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பழைய உணவிலிருந்து புதியதற்கு மாறுவது, வயிறு அனுமதித்தால், ஒரு வாரத்தில் படிப்படியாக நடக்கட்டும். உணவால் சரியாகக்கூடிய குடல் கோளாறு என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மலம் கெட்டிப்படத் தொடங்கும். நாள்பட்ட கழிச்சலோடு வரும் நாய்களில் பெரும்பகுதி இப்படி உணவிலேயே தேறுகின்றன.

வடசென்னையில் இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியில்தான். இங்கே ஒரு நாய் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. டீக்கடை அண்ணன் ஒரு பொறை போடுவார், எதிர்வீட்டு ஆயா பிஸ்கட் போடுவார், பள்ளிப் பிள்ளைகள் வேர்க்கடலை கொடுப்பார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் ஒரு துண்டு பிஸ்கட்கூட இரண்டு வாரக் கணக்கைக் குலைத்துவிடும். “ரெண்டு வாரம் யாரும் எதுவும் போடாதீங்க, மருந்துச் சோறு நடக்குது” என்று தெருவில் சொல்லிவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். கை வைத்தால் விலா எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், தூரத்திலிருந்தே கண்ணில் படக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

சில நிலைகளில் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியெடுத்து, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சலோடு சுருண்டு படுத்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த நோயை 1980-களின் தொடக்கத்திலேயே சென்னைக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். இதற்கு ரத்தநாளம் வழியாகத் திரவம் ஏற்றும் சிகிச்சை உடனே வேண்டும். தடுக்க, ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தடுப்பூசித் தவணைகளை முடிக்க வேண்டும். தொழிற்சாலைப் பகுதியில் திரியும் நாய் எண்ணெய்க் கசடு படிந்த உடம்பை நக்கினாலோ, பழைய பேட்டரி, பெயின்ட் சிதறல்களை மென்றாலோ வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம்; ஈயம் உள்ளே போனால் எடையும் குறையும், வலிப்பும் வரலாம். மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குத் தராதீர்கள். அவற்றில் பல நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அதுவே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம்.

சென்னைக்குக் கால்நடை மருத்துவ வசதி நெடுங்காலமாகவே உண்டு. வேப்பேரியில் 1903 அக்டோபர் 1 அன்று டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது.

உங்கள் நாயோ, உங்கள் தெரு நாயோ, தின்றும் மெலிகிறதென்றால் இந்த வாரமே எடை பார்த்துக் குறித்து வையுங்கள், மலத்தைச் சோதனைக்குக் கொண்டுபோங்கள், பூச்சி மருந்தின் தவணையைச் சரிபாருங்கள். மீனை வேக வைத்து முள் எடுத்துப் போடுங்கள். அந்தத் தெருவில் சோறு போடும் அத்தனை பேரிடமும் இதைச் சொல்லுங்கள்.