சீமைக் கருவேலும் ஊர் ஒற்றுமையும்

மதுரையிலிருந்து ராமேசுவரம் போகும் ரயிலில் பிரயாணம் செய்கிறவர்கள் மானாமதுரையைத் தாண்டியதும் ஒரு விசித்திரத்தைக் காணலாம். பூமி வானம் பார்த்த பூமி, மழையோ சொற்பம். ஆயினும் கோடையிலும் இருபுறமும் பச்சைப் பசேலென்று இருக்கிறது. வெளியூரார் இதைக் கண்டு சந்தோஷப்படக்கூடும். உள்ளூர்க் குடியானவனோ பெருமூச்சு விடுகிறான். அது பயிரின் பசுமையன்று. சீமைக் கருவேலின் பசுமை. நஞ்சை, புஞ்சை, கண்மாய், வரத்துக்கால், மந்தை, சுடுகாடு என்ற பேதம் அதற்குக் கிடையாது. மனிதன் கைவிட்ட இடமெல்லாம் அதன் இடம்.

இந்த மரத்தை ஒழிப்பதைப் பற்றி நாட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. மேடைகளில் பேசியாயிற்று; கோர்ட்டுகளில் வாதாடியாயிற்று; யந்திரங்களைக் கொண்டு வெட்டியும் ஆயிற்று. வெட்டிய இடத்திலேயே மரம் மறுபடியும் நிற்கிறது. காரணம் என்ன? முயற்சி இல்லாமையன்று, முயற்சி செய்கிறவர்களிடையே ஒற்றுமை இல்லாமையே காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

அழைத்து வந்த விருந்தாளி

சீமைக் கருவேல் தானாக நம் நாட்டுக்கு வரவில்லை. அதன் பிறப்பிடம் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா முதலிய பிரதேசங்கள். வறண்ட ஜில்லாக்களில் விறகுக்கு உதவும் என்று கருதி, 1877-ல் சென்னை மாகாண வன அதிகாரிகள் அதன் விதையைத் தருவிக்க ஏற்பாடு செய்தார்கள். மறு வருஷம் கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் அது நடப்பட்டது. சுதந்திரம் வந்த பிறகும் சர்க்கார் அதைப் பரப்பவே செய்தது. ஜனங்களும் எதிர்க்கவில்லை. தழையை ஆடு மாடு கடிக்காது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். வேலிக்கு இதைவிட நல்ல மரம் ஏது என்று மகிழ்ந்து, 'வேலிகாத்தான்' என்று பெயரும் வைத்தார்கள். கடைசியில் வேலியே பயிரை மேய்ந்தது.

குற்றம் சாட்டும்போதும் நியாயம் வேண்டும். இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்றும், ஆடு மாடுகளை மலடாக்குகிறது என்றும் சிலர் சொல்லி வருகிறார்கள். இவற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. பொய்க் குற்றச்சாட்டு உண்மைக் குற்றச்சாட்டையும் பலவீனப்படுத்திவிடும். உண்மைக் குற்றமே போதுமானது. இம்மரம் கண்மாய்க்குள் அடர்ந்து மனிதர் நுழைய முடியாதபடி செய்கிறது; வரத்துக்காலை அடைத்து, வருகிற தண்ணீரை வழிமறிக்கிறது; தன்னைச் சுற்றிப் புல்லையும் மற்றச் செடிகளையும் தலையெடுக்க விடுவதில்லை. இரண்டொரு வருஷம் தரிசாகக் கிடந்த நிலத்தில் புகுந்தால், அப்புறம் ஏர் இறங்க முடியாத முட்காடாக்கிவிடுகிறது. அதைத் திருத்தச் சிறு குடியானவனிடம் பணம் இல்லை. ஆகவே தரிசு தரிசாகவே நிற்கிறது; குடியானவன் ஊரை விட்டுப் போகிறான்.

சர்வே நம்பர் அறியாத மரம்

இதன் காய் இனிப்பானது. தழையைத் தொடாத ஆடும் மாடும் காயை விரும்பித் தின்னும். தோல் கடினமான விதைகள் பல, வயிற்றில் ஜீரணமாகாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் விழுகின்றன. எரு கூடவே இருக்கிறது. அடுத்த மழைக்கு முளைத்துவிடுகிறது. ஓடைத் தண்ணீரும் விதையை அடித்துக்கொண்டு போகிறது. ஆடு சர்வே நம்பர் பார்த்து மேய்வதில்லை. தண்ணீர் பட்டாவைப் பார்த்து ஓடுவதில்லை.

மரத்தைத் தரையோடு வெட்டினால் சாவதும் இல்லை. ஒன்றாக இருந்தது, அடிக்கட்டையிலிருந்து பலவாகத் துளிர்த்து எழும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் அந்த மரம் முடியும். அதன் பிறகும் மண்ணில் கிடக்கும் விதைகள் வருஷக்கணக்கில் முளைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு குடியானவன் கடன் வாங்கிச் சித்திரையில் தன் இரண்டு ஏக்கரைத் திருத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். வடபுறத்து நிலத்துக்காரர் பட்டணத்தில் இருக்கிறார். தென்புறத்து நிலம் பாகப்பிரிவினை வழக்கில் கிடக்கிறது. கீழ்புறம் கண்மாய்ப் புறம்போக்கு. மூன்று புறமும் காய் காய்த்துக் கொட்டுகிறது. ஐப்பசி மழை பெய்ததும் திருத்திய நிலத்தில் முளைப்பது நெல்லா, கருவேலா? தனியாகப் பாடுபட்டவன் தண்டனை அடைகிறான். சும்மா இருந்தவன் ஒன்றும் இழப்பதில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி சீமைக் கருவேல்.

ஒரு கண்மாய்க்கு எத்தனை எஜமானர்கள்?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை நீர்வள இலாகாவைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்தவை. கண்மாய் ஒருவருடையது என்றால், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேலே வனத்தையும், கோயில் நிலத்தையும், ரஸ்தாவையும், ரயில் பாதையையும், தனியார் பட்டாவையும் தாண்டி வருகிறது. கண்மாய்க்குள் நிற்கும் மரத்தை ஏலம் விடுகிறவர் ஒருவர். கரையைப் பராமரிக்கிறவர் இன்னொருவர். தண்ணீரை நம்பிப் பயிர் செய்கிறவர் வேறொருவர். ஒவ்வொருவரும் தமது எல்லைக்குள் நியாயமாக நடந்துகொண்டாலும், கண்மாய் முழுவதையும் பற்றிக் கவலைப்படுவதற்கு ஒருவரும் இல்லை.

இந்தக் குறையை உத்தரவினால் மட்டும் தீர்க்க முடியாது என்பதை 2017-ஆம் வருஷமே நமக்குக் காட்டிற்று. சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளையில் 2015-ல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2017-ன் ஆரம்பத்தில் கோர்ட்டார் கண்டிப்பான உத்தரவுகள் பிறப்பித்தார்கள். ஜில்லா நீதிபதிகள் மேற்பார்வை செய்தார்கள். வக்கீல் கமிஷனர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஊருக்கு ஊர் யந்திரங்கள் இறங்கின. அதே வருஷத்தில், மரத்தின் பலாபலன்களை நிபுணர்கள் ஆராய வேண்டும் என்ற வாதத்தின் மேல் அந்த வேலைக்குத் தடை விழுந்தது. 2022-ல்தான் அன்னியச் செடிகளை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்று சர்க்கார் ஒரு கொள்கையை வெளியிட்டது. கோர்ட்டாரின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் யந்திரம் போன பிறகு அந்த இடத்தைக் காப்பது யார் என்ற கேள்விக்கு உத்தரவில் விடை இருக்க முடியாது. விலை போகும் அடிமரத்தை எடுத்துக்கொண்டு, விலை போகாத வேரை விட்டுச் செல்லும் குத்தகைதாரனை ஊரார்தான் தடுக்க முடியும்.

முன்னோர் கண்ட வழிகள்

அன்னியச் செடியுடன் போராடுவது நமக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் சப்பாத்திக் கள்ளி தென்னாட்டு நிலங்களை இப்படித்தான் ஆக்கிரமித்தது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு வகைப் பூச்சி கொண்டுவந்து விடப்பட்டது. சில வருஷங்களில் அது கள்ளிக் காடுகளை அழித்தது. பூச்சிக்கு எல்லைச் சண்டை கிடையாது. எல்லார் நிலத்திலும் ஒரே சமயத்தில் வேலை செய்தது. கருவேலுக்கு அப்படிப்பட்ட பூச்சி இங்கே நமக்குக் கைகொடுக்கவில்லை. ஆகவே அன்று பூச்சி செய்த காரியத்தை இன்று மனிதர்கள் கூடிச் செய்தாக வேண்டும்.

மனிதர்கள் கூடிச் செய்ததற்கும் உதாரணம் உண்டு. வங்காளத்தின் ஆறு குளங்களை வெங்காயத் தாமரை மூடியபோது, ஜகதீச சந்திர போஸின் தலைமையில் ஒரு கமிட்டி விசாரித்தது. 1936-ல் சட்டம் வந்தது: நீர்நிலையை அனுபவிக்கிறவன் எவனோ அவனே செடியை அகற்ற வேண்டும். 1939-ல் பஸ்லுல் ஹக் மந்திரிசபை, மாகாணம் முழுவதற்கும் ஒரே வாரத்தைக் குறித்து ஜனங்களை நீரில் இறங்கச் சொன்னது. செடி அடியோடு அழிந்துவிடவில்லை. இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும் என்ற விதியை வங்காளம் சரியாக உணர்ந்திருந்தது.

இன்னொரு பாடத்தைக் குஜராத் தருகிறது. கட்ச் ஜில்லாவில் பன்னி என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. உப்பு நிலம் பரவாமல் தடுப்பதற்காக 1960-களின் ஆரம்பத்தில் வன இலாகா அங்கே இதே சீமைக் கருவேலை நட்டது. இன்று புல்வெளியின் பெரும்பாகம் அதன் வசம். மால்தாரிகள் என்ற இடையர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக் கருவேல். அவர்களிலும் கரி சுட்டுப் பிழைக்கிறவர்கள் உண்டு. எருமை மேய்த்துப் பிழைக்கிறவர்கள் உண்டு. அபிப்பிராய பேதங்களும் உண்டு. ஆனாலும் சங்கம் கண்டு, பொது மேய்ச்சலைப் பங்கு போடலாகாது என்று நின்றார்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் கீழ் அவர்களுக்குள்ள சமூக உரிமையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2021-ல் உறுதி செய்தது. கருவேலை வேரோடு எடுத்த துண்டுகளில் மழைக்குப் பின் புல் திரும்பியிருக்கிறது. உரிமை இருக்கும் இடத்தில்தான் பொறுப்பும் வரும் என்பதே பன்னியின் பாடம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, வேலைக்கு அளவு சர்வே நம்பர் அல்ல, கண்மாய். வரத்துக்காலின் தலையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வர வேண்டும். கீழே திருத்திவிட்டு மேலே விட்டுவைத்தால், விதை தண்ணீரோடு வந்து சேரும். அந்தக் கண்மாயைச் சேர்ந்த இலாகாக்கள், கோயில் நிர்வாகம், பட்டாதாரர்கள் அனைவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே தேதியைக் குறிக்க வேண்டும். தண்ணீர் உபயோகிப்போர் சங்கங்களுக்கு 2000-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்திருக்கிறோம். சட்டப் புஸ்தகத்தில் இருக்கும் சங்கம் கண்மாய்க் கரைக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

இரண்டாவதாக, அந்தப் பந்தியில் ஆட்டுக்காரனுக்கும் கரிமூட்டம் போடுகிறவனுக்கும் இடம் வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு மழை பொய்த்த வருஷங்களில் கஞ்சி ஊற்றியது இந்த முள்மரமே. நிலமில்லாதவனின் அடுப்பை அணைத்துவிட்டு நிலமுள்ளவனின் வயலைக் காப்பது நியாயமல்ல; நடக்கக்கூடியதும் அல்ல. வெட்டும் வேலையையும் வேர் தோண்டும் வேலையையும் அவர்களுக்கே கொடுக்கலாம். வேர்க்கட்டையும் கரியாகும். காய் பழுக்கும் காலத்தில் எந்தக் காட்டில் ஆட்டை விடலாம், எதில் கூடாது என்று ஆட்டுக்காரனைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். அவன் சம்மதமில்லாமல் வெட்டிய கண்மாயை அவன் ஆடே மறுபடி விதைத்துவிடும்.

மூன்றாவதாக, வெட்டிய நாளில் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. முதல் மழைக்குப் பின் தலைகாட்டும் கன்றைக் கையால் பிடுங்கிவிடலாம். மூன்று வருஷம் விட்டால் கோடாலி வேண்டும். பத்து வருஷம் விட்டால் யந்திரம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஊரார் ஒரு நாள் இறங்க வேண்டும். பட்டாவில் உடனே உழுது விதைக்க வேண்டும். புறம்போக்கில் நாட்டு மரங்களை வைக்க வேண்டும். வெறுமையாக விட்ட நிலம் பழைய எஜமானையே திரும்ப அழைக்கும். மரம் விற்ற பணம் கண்மாயின் பொது நிதிக்கே சேர வேண்டும். அதற்கு ஊரறியக் கணக்கு இருக்க வேண்டும். கணக்குச் சரியாக இல்லாத இடத்தில் ஐக்கியம் ஒரு போகம் கூட நிலைக்காது.

இது கைகூடாத கனவு என்று சிலர் சொல்லலாம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கண்மாய்க்கு மண் வெட்டிய குடிமராமத்து நம் ஊர்களின் பழைய வழக்கம். 1858-ல் அன்றைய சர்க்கார் அந்த வேலையைச் சட்டத்தினால் கட்டாயமாக்க முயன்றது. தாமாக வந்த ஊரார் தண்டனைக்குப் பயந்து முன்போல் வருவார்களா? வழக்கம் தேய்ந்தது. அதைப் புதுப்பிக்கச் சமீப காலத்தில் செய்த முயற்சிகளிலும் பணம் வந்த அளவுக்கு ஊர் வரவில்லை என்ற குறை கேட்கிறது.

அரசியலில் ஈடுபட்டுள்ள வாலிபர்களுக்கு இங்கே பெரிய வேலை காத்திருக்கிறது. தேர்தல் காலத்தில் ஊரைக் கட்சி கட்சியாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள், ஒரு கண்மாய்க்காக அதே ஊரை ஒன்று சேர்க்க முடியுமா என்று பரீட்சித்துப் பார்க்கட்டும். பட்டணத்தில் இருக்கும் நிலத்துக்காரருக்குக் கடிதம் எழுதட்டும். பாகப்பிரிவினைக்காரர்களை ஒரு திண்ணையில் உட்கார்த்தி வைக்கட்டும். ஆட்டுக்காரனின் வாய்ச்சொல்லையும் கேட்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு வரத்துக்கால் சுத்தமானால், தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேர்வதை அந்த வருஷமே ஊரார் கண்ணால் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒருவரும் பிரசங்கம் செய்ய வேண்டியிராது.