முன்சக்கரத்தின் மூட்டு

மாணவர்களே, கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் நிற்கக் கண்டால், முன்சக்கரத்தின் உட்புறம் பாருங்கள். பளபளப்பான உருண்டை ஒன்று தெரியும். அது எதற்கு?

1948-இல் அறிமுகமான இந்த வண்டியின் முன்சக்கரத்துக்கு இரண்டு வேலைகள்: இயந்திர விசையால் சுழல வேண்டும், ஸ்டியரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும். நேரான தண்டு வளையாது. ஆகவே, சாய்ந்த கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு ஒன்று தண்டில் உண்டு. அதை மூடிக் காப்பதே குரோமியம் பூசிய அந்த உருண்டை. உள்ளே எண்ணெய், வெளியே உருண்டையைத் தழுவி ஒரு சீல் வளையம்.

சேறும் நீரும் பட்டு உருண்டை துருப்பிடித்தால், அந்தச் சொரசொரப்பு சீலைத் தேய்த்துவிடும். எண்ணெய் ஒழுகும், மணல் புகும், மூட்டும் பேரிங்கும் தேயும். அப்போது சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. உருண்டையையும் மாற்ற வேண்டும்.

சீலைப் பொருத்துமுன் ஒரு சோதனை உண்டு. உங்கள் அறிவியல் கூடத்தில் உள்ளது போன்ற வில் தராசை ஸ்டியரிங் கரத்தில் மாட்டி இழுப்பார்கள். விசை குறைவாக இருந்தால், மேல் முளையின் அடியிலுள்ள மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுப்பார்கள். மிகுந்தால் ஒன்றைச் சேர்ப்பார்கள். பிடி தளர்ந்தால் ஓடும்போது சக்கரம் நடுங்கும். இறுகினால் திருப்புவது கடினம்.

உருண்டையிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதா? ஓட்டுநரிடம் உடனே சொல்லுங்கள்.