எத்தனாவது படிக்கிற?

விருந்தாளியாக வந்தவர் வீட்டுப் பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி இது. பிள்ளையும் "மூணாவது" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கிராமங்களில் அந்த மூணாவதைத் தேடி அரசுத் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தால், பல பள்ளிகளில் அப்படியொரு தனி அறை கண்ணில் படாது. ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒரே அறையில், பாயில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து அறையில் நாலும் அஞ்சும். அறைக்கு ஓர் ஆசிரியர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. காலையில் திருவண்ணாமலை - செஞ்சி சாலையோரம் சற்று நேரம் நின்றால், தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். வேனுக்குக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளும், கரும்பு வெட்டவும் மல்லாட்டை பிடுங்கவும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும் பெற்றோரின் பிள்ளைகளும்தான் அந்தப் பாயில் உட்காருகிறார்கள். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பு என்பதைக் குறையென்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். குறைதான். ஆனால் தமிழக வகுப்பறைகளில் நடந்த நல்ல மாற்றங்கள் பலவும் இந்தக் குறையைச் சமாளிக்கப் போய்ப் பிறந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் கொடுத்த பிள்ளைகளையே எடுத்துக்கொள்வோம். கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு முழுவதையும் வகுப்பறையைப் பார்க்காமலே முடித்து, இரண்டாம் வகுப்பின் நடுவில் முதன்முதலாக உள்ளே வந்த கூட்டம் இது. அதற்குச் சில நாள் முன்புதான், அக்டோபர் 27 அன்று, பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியிருந்தது. மாலையில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் தன்னார்வலர் ஒருவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய். 2022 ஜூனில் பதிவேட்டின்படி இந்தப் பிள்ளைகள் மூணாவது. கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம். எழுத்துக் கூட்டவே திணறியவர்கள் அவர்களில் ஏராளம்.

அந்த ஜூன் 13 அன்றுதான் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்பது இலக்கு. ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து ஒரே வகுப்பாக நடத்தலாம். பிள்ளை எத்தனாவது என்பதை விட்டுவிட்டு, எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். நிலைகள் மூன்று: அரும்பு, மொட்டு, மலர். மூன்றாவது படிக்கும் பிள்ளை அரும்பில் நின்றால் அரும்புக்கான பயிற்சிப் பக்கத்தைத்தான் செய்யும். பாட்டும் கதையும் எல்லாருக்கும் பொது. அறையின் ஒரு மூலை பாடல் களம், இன்னொன்று கதைக் களம், வேறொன்றில் கைப்பொம்மைகள். பாட்டு முடிந்ததும் அவரவர் நிலைக்குப் பிரிவார்கள். அரும்புக் கூட்டம் எழுத்தட்டைகளைக் கலைத்து அடுக்கும்போது, மலர் கூட்டம் அதே பாட்டின் சொற்களை வைத்து வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கும். ஆசிரியர் ஒரு கூட்டத்தோடு இருக்கும்போது மற்ற இரண்டும் தாமாக வேலை செய்தாக வேண்டும். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. அது நடக்காத நாளில் அறை சந்தைதான்.

இதைப் புதுமை என்று அரசு விளம்பரம் சொன்னாலும், இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு இதில் பாதி பழகிய பாதை. 1990களில் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி, சுற்றுவட்டார ஓராசிரியர் பள்ளிகளுக்காக பாட அட்டைகளையும் கற்றல் ஏணிப்படியையும் உருவாக்கியது. எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அதை முதலில் வேலூர்ப் பக்கம் கொண்டுவந்தார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் அது செயல்வழிக் கற்றலாகப் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது அப்போதுதான். பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகை, தலைக்கு மேலே படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், தன் வருகையைத் தானே குறிக்கும் அட்டை எல்லாம் அந்தக் காலத்துச் சொத்து. இன்னும் பின்னால் போனால் திண்ணைப் பள்ளி. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை வழக்கத்தை ஒத்த முறையை எழும்பூர் அனாதை விடுதியில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர். வயதை விட்டுக் கற்ற நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் வழியைப் பிரதம் அமைப்பு வட இந்தியாவில் நெடுங்காலமாக நடத்திவருகிறது. அதன் வேலைகளை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். நம் ஊர் ஈராசிரியர் பள்ளி வேறு வழியில்லாமல் செய்ததற்கு உலகம் கொஞ்சம் தாமதமாகக் கைதட்டியிருக்கிறது.

குறை இல்லாமலா? மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது ஆசிரியர்களின் தீராத புலம்பல். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும். பயிற்சிப் பக்கம் நிரம்பியதா என்பதே அளவாகிவிட்டால் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நிரப்பப் பழகிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் இரவெல்லாம் விழித்துப் பாரதக் கூத்துப் பார்க்கிற பிள்ளைகள், மறுநாள் அர்ச்சுனன் தபசை அடி பிசகாமல் நடித்துக் காட்டும். மொழி அவர்களிடம் குறைவில்லாமல் இருக்கிறது. எழுத்துதான் இன்னும் வந்து சேரவில்லை. அரும்பு என்ற குறி அந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மேடையாவது தருகிறது.

2023-24இல் 'எண்ணும் எழுத்தும்' நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. அதாவது, நம் கூட்டம் நான்காவதுக்குப் போனபோது திட்டமும் கூடவே போனது. அதே 2023இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களிலும் வகுப்பு எண் கிடையாது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள்தாம். என்னைக் கேட்டால், இத்தனை ஆண்டுத் திட்டங்களில் செலவு குறைவாகவும் பயன் அதிகமாகவும் உள்ளது இதுதான். எட்டுப் பக்கக் கதையைத் தானாக வாசித்து முடித்த பிள்ளைக்கு ஸ்மார்ட் வகுப்பறைத் திரை தர முடியாத ஒன்று கிடைத்துவிடுகிறது.

2025-26இல் அந்தக் கூட்டம் ஆறாவது. பள்ளி மாறியது, பாய் போய் பெஞ்சு வந்தது, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்தார். அந்த ஆண்டே ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' திட்டம் அறிமுகமானது. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை வராதவர்களைத் தேர்வு வைத்துக் கண்டுபிடித்து, அவர்களுக்குத் தனிப் புத்தகம், தனி வகுப்பு. யோசனை அதேதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அரும்பு என்றால் பூ. பதிமூன்று வயதுப் பையனுக்குத் தனி அறைக்குப் போ என்றால் அது என்னவென்று தெரியும். 'திறன் பசங்க' என்பது வகுப்பில் கேலிப்பெயர் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாடம் நடத்துவதைவிடப் பெரிய வேலை. வருடத்தின் பாதியில் சிலராவது அந்த அறையை விட்டுத் திரும்பி வருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால்தான் அந்தக் கேலி மங்கும்.

அதே ஆண்டு ஜூலையில் இருக்கை விவகாரம் வேறு. கடைசி பெஞ்சைப் பேசிய 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தையொட்டி, 'ப' வடிவில் இருக்கை போடச் சொல்லி இங்கேயும் சுற்றறிக்கை வந்தது. கழுத்து வலிக்கும், பலகை தெரியாது என்று எதிர்ப்பு கிளம்பியதும் அது நிறுத்திவைக்கப்பட்டது. பாயில் வட்டமாக உட்காரும் தொடக்கப் பள்ளியில் கடைசி வரிசையே இல்லை என்பது அந்தச் சண்டையில் யாருக்கும் நினைவு வந்ததாகத் தெரியவில்லை.

ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கு வானவில் மன்றம் உண்டு. 2022 நவம்பரில் தொடங்கிய இதில், கருத்தாளர் ஒருவர் பெட்டியோடு பள்ளி பள்ளியாக வந்து எளிய சோதனைகளைச் செய்து காட்டுவார். இந்த வட்டாரத்தில் அறிவியலுக்கு வேறு பெட்டியே வேண்டாம், மலை இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவு பெயர்ந்து திருவண்ணாமலையின் வ.உ.சி. நகர் வீடுகள் மேல் விழுந்தது. இறந்த 7 பேரில் 5 பேர் குழந்தைகள். மண்ணரிப்பும் பேரிடர் மேலாண்மையும் பாடப்புத்தகத்தில் படமாக இருக்கின்றன. தன் ஊர்க் கரட்டில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, வேர் இல்லாத சரிவு எப்படிக் கரைகிறது என்று ஒரு மழைநாள் மறுகாலையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட அரசாணை தேவையில்லை.

பத்தாம் வகுப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. அரும்பும் இல்லை, நுழையும் இல்லை. காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, மெல்லக் கற்போருக்குக் குறைந்தபட்சக் கையேடு. தேர்ச்சி விழுக்காட்டில் மாவட்டம் எத்தனையாவது இடம் என்ற கேள்வி மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் ஓர் ஆசிரியரின் மேசைக்கு வந்து நிற்கும். மேல்நிலையில் 'நான் முதல்வன்' வழிகாட்டல் உண்டு. கல்லூரிக்குப் போனால் மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் வழியாக மாதம் 1,000 ரூபாய் உண்டு. இவை வகுப்பறைக்கு வெளியே இருக்கும் நன்மைகள். உள்ளே நடப்பது மாதிரி வினாத்தாள்.

பதினொன்றாம் வகுப்பு மட்டும் இப்போது கொஞ்சம் மூச்சுவிடுகிறது. பல பள்ளிகள் பதினொன்றின் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டுக்குத் தாவுகின்றன என்ற புகாருக்குப் பதிலாக 2017-18இல் அங்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. பழைய தாவலைத் தடுக்க வேறு ஏற்பாடு எதுவும் வகுப்பறையில் இன்னும் தெரியவில்லை. 2020இல் பெயர் கொடுத்த பிள்ளைகள் அந்த வகுப்புக்கு வர 2030 ஆகும். தலைமையாசிரியர்கள் இப்போதே திட்டமிட்டால், தேர்வில்லாத அந்த ஓராண்டை ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கலாம். இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்பு இரண்டு வருடப் படிப்பாகிவிடும்.